மூங்கில் குழாயில் கிடந்த மரப்பட்டை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பிழைகளும் இருக்கும். நாலு பேர் முன்னால் பேச வராது என்பதால்தான் எழுதுகிறேன்.

இது நடந்தது எங்கள் ஊரான மெர்போக்கில், இரண்டு தீபாவளிக்கு முன்பு. முப்பது வருடம் நான் ரப்பர்ப் பால் வெட்டிய நிலத்தில் எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுவிட்டார்கள். எனக்கு வேலை போய்விட்டது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆற்றோரச் சேற்றில் பனை மாதிரியான நீப்பா மரங்கள் உண்டு. அதன் குலைக்காம்பைத் தினமும் மெல்லியதாகச் சீவி மூங்கில் குழாயைக் கட்டிவிட்டால், இரவெல்லாம் நீரா என்ற இனிப்புச் சாறு சொட்டும். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி வாசனையோடு பாகு வரும்.

அடுத்த வீட்டு மலாய்க்காரர் பல வருடமாக இதைச் செய்து வாசலில் போத்தல் போத்தலாக விற்கிறவர். அண்ணன் முறையில் அவரை அபாங் என்று கூப்பிடுவேன். தோட்டத்து லய வீடுகளில் வளர்ந்தவர், நம்மைப் போலவே தமிழ் பேசுவார். அவர் வரிசைக்குப் பக்கத்தில் இருபது மரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார். வெயில் மாதங்களில் பாகு நன்றாக வந்தது. அந்தத் தைரியத்தில் என் மனைவி, இந்தப் பாகில் தீபாவளிக்கு அதிரசம் சுட்டுத் தருவதாகத் தாமான் குடியிருப்பில் நாற்பது வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. காம்புகளும் சீவிச் சீவிக் கட்டையாகிவிட்டன. இன்னும் ஒரு வாரம் சீவலாம், அவ்வளவுதான். அதோடு அந்த வருடத்துச் சீவல் முடிந்துவிடும்.

அப்போதுதான் ஒரு நாள், மழைத்தண்ணீர் இறங்குகிறதா என்று இருட்டியதும் விளக்கோடு போனபோது, என் குழாய்களுக்குள் மரப்பட்டைத் துண்டுகள் கிடப்பதைப் பார்த்தேன். ஒரு குழாயில் இல்லை, இருபதிலும். பால் வெட்டுகிறவனுக்குக் கோப்பையில் தூசி விழுந்தாலே பயம். பாலை நிறுக்கும் கொட்டகையில் கணக்கு எழுதும் கிராணி எல்லார் முன்னாலும் ஏசுவார். அந்தப் பழக்கத்தில் பட்டைகளை எடுத்து எறிந்தேன். குழாய்களைத் தேய்த்துக் கழுவித் திரும்பக் கட்டினேன். மறுநாளும் பட்டை கிடந்தது. அதற்கு மறுநாளும்.

அதே பட்டையை அபாங்கின் சம்பான் படகில் ஒரு சாக்கில் பார்த்தேன். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது போல இருந்தது. நாற்பது வீட்டுக்காரர்களும் முன்பு அவரிடம் பாகு வாங்கியவர்களாக இருக்கலாம். வயிற்றெரிச்சல் இருக்காதா? எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இருமினால்கூட ஏன் இருமுகிறார் என்று யோசித்தேன். ஒரு பட்டையை எடுத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு, சாட்சிக்காக வைத்துக்கொண்டேன்.

அன்று காய்ச்சிய நீரா நுரைத்து நுரைத்து வழிந்தது. ஐந்து மணி நேரம் விறகு எரித்தும் பதம் வரவில்லை. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் உருளாமல் கரைந்து போனது. நாக்கில் வைத்தால் புளிப்பு. பரவாயில்லை என்று மனைவி அதிலேயே கொஞ்சம் மாவு பிசைந்து, ஊறியதும் சுட்டுப் பார்த்தாள். அதிரசம் எண்ணெயில் பிரிந்து மணல் மாதிரி அடியில் தங்கியது.

அபாங்தான் ஏதோ போட்டுக் கெடுக்கிறார் என்று அவளிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

“உங்களுக்கு உங்க நெழலு மேலயே சந்தேகம்லா. அவருதான மரமே குடுத்தாரு? போயி வாயத் தொறந்து கேளுங்க.”

கேட்பதுதான் எனக்கு வராதே. பிடித்துவிட்டுக் கேட்கலாம் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் காம்பைச் சீவிக் குழாய்களைக் கட்டிவிட்டு, வீட்டுக்குப் போவது போலப் போய், நீப்பா ஓலைகளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டேன். முழங்கால் வரை சேறு. கொசு பிடுங்கியது. வெளிச்சம் இருக்கும்போதே அபாங் சம்பானில் வந்தார். என் மரங்களுக்கு நேராக வந்து, சாக்கில் கைவிட்டு, ஒவ்வொரு குழாயிலும் ஒரு துண்டு போட்டார். மறைத்துச் செய்கிறவர் போல இல்லை. வாய்க்குள் ஏதோ பாட்டுக்கூடப் பாடிக்கொண்டிருந்தார்.

ஓலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பையை நீட்டினேன். எத்தனையோ முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தது எதுவும் வரவில்லை.

“இது என்னா அபாங்?” என்று மட்டும் கேட்டேன்.

அவர் பையையும் என்னையும் பார்த்தார்.

“பட்டை. அதுக்கு ஏன் பையி?” என்றவர் குழாயைத் திரும்பிப் பார்த்து, “அப்ப நீதான் தெனமும் எடுத்து வீசுனியா? நான் கொரங்கு எடுக்குதுன்னு நெனச்சு, கல்லு வேற பொறுக்கி வச்சிருக்கேன் தம்பி” என்றார். சம்பானுக்குள் குனிந்து ஒரு கை கல்லை எடுத்துக் காட்டினார்.

பிறகு அவர் சொன்னது இதுதான். வெயில் காலத்தில் நீரா தாங்கும். மழை விழுந்து, காம்பும் கட்டையாகிவிட்டால் விடிவதற்குள் புளித்துப்போகும். அந்தத் துவர்ப்புப் பட்டை கிடந்தால்தான் புளிக்காது. எனக்கு இது முதல் வருடம், தெரிந்திருக்காது என்று அவரே போட்டிருக்கிறார்.

“சொல்லியிருக்கலாமே அபாங்.”

“எங்க சொல்றது? என்னைப் பார்த்தா நீதான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறியே. வீட்டுல ஏதோ சண்டைன்னு விட்டுட்டேன்.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எதற்காக ஓலைக்குப் பின்னால் நின்றேன் என்று அவர் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு, அவர்மேல் சந்தேகப்பட்டதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் துடுப்பில் இருந்த சேற்றைக் கழுவினார். பிறகு, மூன்று நாள் காம்பு மிச்சம் இருக்கிறது, அதையாவது ஒழுங்காகக் காய்ச்சு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மூன்று நாள் நீராவும் பட்டையோடு இறங்கியது. பாகு கண்ணாடி போல வந்தது. ஆனால் பதினாறு வீட்டுக்குத்தான் போதுமாக இருந்தது. மற்ற வீடுகளுக்கு மனைவி முறுக்கு சுட்டாள். ஒவ்வொரு வாசலிலும் நான்தான் போய், பாகு என் தவறால் கெட்டது என்று சொல்லிவிட்டு முறுக்கைக் கொடுத்தேன். கூச்சத்தில் செத்துப் பிழைத்தேன் என்றே சொல்லலாம்.

இப்போதும் நாங்கள் பக்கத்துப் பக்கத்தில்தான் சீவுகிறோம். ஆனால் ஒன்று இன்னும் குத்துகிறது: தினமும் போட்ட பட்டை காணாமல் போனபோது அவருக்குக் குரங்குமேல்தான் சந்தேகம் வந்தது, என்மேல் வரவே இல்லை.

9 பிப்ரவரி 2025, ஞாயிற்றுக்கிழமை