கூப்பன் இல்லாமல் நின்ற வரிசை

அறுபதுகளின் நடுப்பகுதி. நான் கலியாணம் முடித்துத் திருகோணமலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பாலையூற்றில் ஒரு சிறிய வாடகை வீடு. என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. சரக்குப் படகுகளை இழுத்துச் செல்லும் விசைப்படகு ஒன்றில் எஞ்சின் பார்ப்பார். நான் யாழ்ப்பாணப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வளர்ந்தவள். அங்கே கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போய்க் கூப்பன் அரிசி வாங்கி வருவதெல்லாம் என் தகப்பனின் வேலை. கூப்பன் புத்தகத்தை நான் கையால் தொட்டதுகூடக் கிடையாது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கூப்பன் என்றால் என்னவென்று சொன்னால்தான் விளங்கும். அப்போது ஆளுக்கொரு புத்தகம் இருந்தது. பிறந்த குழந்தைக்கும் ஒன்று. நாம் பதிந்திருக்கும் சங்கக்கடையில் கிழமைக்கு, அதாவது வாரத்துக்கு, ஒருமுறை அதை நீட்டினால், அந்தக் கிழமைக்குரிய துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு அரிசியும் சீனியும் குறைந்த விலைக்குத் தருவார்கள். வெளிக்கடையில் விலை அதைவிட எவ்வளவோ கூட. இது தெரிந்திருந்தும் நான் வெளிக்கடையில்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். புது இடம், தெரியாத சனம், வரிசையில் நிற்கக் கூச்சம். மாதம் பாதி போவதற்குள் சம்பளம் முடிந்துவிடும். பின்னேரங்களில் என் கணவர் தேநீரைச் சீனி இல்லாமல் குடித்துவிட்டு எழும்பிப் போவார்.

இதைக் கண்டுபிடித்தவர் பக்கத்து வீட்டுப் பெண். கிண்ணியாவிலிருந்து வந்தவர். அவருடைய கணவரும் துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை செய்தார். என்னைவிட வயதில் இளையவர், ஆனால் மூன்று பிள்ளைகளின் தாய். ஒரு நாள் நான் கடைப்பையோடு வருவதை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்.

“கூப்பன் புத்தகத்த அலுமாரிக்குள்ள பூட்டி வெச்சிட்டுக் கடைக்காரனுக்கு அள்ளிக் குடுக்கிறீங்களா அக்கா?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அடுத்த நாளே முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு என்னைக் கிராமத் தலைமைக்காரரான விதானையாரிடம் கூட்டிப் போனார். ஊரிலிருந்த என் பதிவை வெட்டி இங்கே மாற்றிப் பதிவதற்கு என்னென்ன வேண்டுமென்று அந்தப் பெண்ணுக்கு விரல் நுனியில் இருந்தது.

அதற்குப் பிறகு எனக்குப் பாடம் தொடங்கியது. லொறி வந்து மூட்டை இறங்கிய அன்றைக்கே போகக்கூடாது. பழைய மூட்டையின் அடி அரிசியைத்தான் முதலில் தள்ளிவிடுவார்கள். துண்டு வெட்டும்போது அடுத்த கிழமைத் துண்டும் சேர்ந்து போகாமல் கண்ணை அதிலேயே வைத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் சீனி குறைவாகத்தான் செலவாகும், மிஞ்சுவதை இன்னொருவரிடம் கொடுத்து மாவாக மாற்றிக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது கொத்து. அரிசி அளக்கும் அந்தப் பாத்திரத்தின் தலையைச் சங்கக்கடை மனேஜர் உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்துவார். அப்படித் தடவும்போது ஒரு பிடி அரிசி மூட்டைக்குள் திரும்பிப் போய்விடும்.

மனேஜர் சிரிக்கத் தெரியாத மனிதர். நெடுத்த, ஒல்லியான ஆள். புத்தகத்தில் ஒரு மூலை கிழிந்திருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அவருடன் என் பக்கத்து வீட்டுப் பெண் போடும் சண்டையைப் பார்க்கவே சிலர் வரிசையில் நெருங்கி நிற்பார்கள். தடவிய கொத்தை மறுபடி நிரப்ப வைத்துவிட்டுத்தான் நகருவார்.

“உங்கட பங்கில ஒரு மணியையும் விட்டிட்டு வராதீங்க அக்கா,” என்று வரும் வழியெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டு வருவார்.

நானும் பழகிக்கொண்டேன். கூச்சம் போய்விட்டது. மிச்சம் பிடித்ததில் ஒரு புது அரிக்கன் லாம்பு வாங்கினேன். என் கணவரின் தேநீருக்குச் சீனி போட்டுக் கொடுத்தேன். ஒரு குடும்பத்தைக் கொண்டு நடத்துகிறேன் என்ற பெருமை எனக்குள் இருந்தது.

அந்த மார்கழியில்தான் புயல் வந்தது.

அன்றைக்கு என் கணவர் விசைப்படகோடு சீனக்குடாப் பக்கம் போயிருந்தார். பின்னேரம் காற்று எழும்பியது. மழைக்காற்றுத்தான் என்று நினைத்தோம். பொழுது படுவதற்குள் பக்கத்து வீட்டுத் தென்னோலைக் கிடுகுக் கூரை அப்படியே கழன்று பறந்துவிட்டது. அவர்கள் ஐந்து பேரும் என் வீட்டுக்குள் ஓடி வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் என் வீட்டு ஓடுகளும் சரியத் தொடங்கின. பிறகு எல்லாருமாக அடுப்படிக் குசினிக்குள் போய்ச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் அழுதது கேட்கவில்லை; வாய் திறந்திருந்ததைத்தான் கண்டேன். அவ்வளவு சத்தம்.

விடிந்தபோது தெருவைக் காணவில்லை. மரங்கள்தான் கிடந்தன. நேற்று வரை மரங்களுக்குப் பின்னால் மறைந்திருந்த கடல், இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. அது ஒன்றும் நடக்காததுபோல் வெள்ளி மாதிரிக் கிடந்தது. அந்த அழகைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்குள் அலுமாரி குப்புற விழுந்து தண்ணீரில் கிடந்தது. உள்ளே இருந்த கூப்பன் புத்தகங்கள் கூழாகிவிட்டன. பக்கத்து வீட்டுக்காரருக்கு எடுத்துப் பார்க்க அந்தக் கூழ்கூட மிஞ்சவில்லை. சீனக்குடாப் பாதை முழுக்க மரம் விழுந்து மூடிப்போய்விட்டது, அந்தப் பக்கத்துச் செய்தி ஒன்றும் இல்லை என்றார்கள். படகுகள் மூழ்கித் தாண்டுபோய்விட்டன என்று யாரோ சொன்னார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் கணவர் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு, பாதை வெட்டுகிற ஆட்களோடு சேர்ந்து போனார். நான் வாசற் படலையில் நின்றுகொண்டே இருந்தேன்.

“வாங்க அக்கா, சங்கக்கடைக்குப் போவம்,” என்றார் அந்தப் பெண். “இதில நிண்டு ரோட்டப் பாத்துக்கிட்டு இரிந்தா அவர் கெதியா வந்திருவாரா?”

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

போய்ப் பார்த்தால் அங்கே வரிசை நிற்கிறது. யாரிடமும் கூப்பன் இல்லை. சிலரிடம் பைகூட இல்லை. இருந்தாலும் கடை திறக்கும் நாள்போல, பழக்கத்தில் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். கடையின் முன்பக்கத் தகரங்கள் போயிருந்தன. உள்ளே மூட்டைகள் இருப்பது தெரிந்தது. மனேஜர் வாசற்படியில் சாவிகள் கோத்த திறப்புக்கோர்வையோடு நின்றார். அவருடைய சேட்டும் கிழிந்திருந்தது. புத்தகம் இல்லாமல் அரிசி கொடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லையென்றும், அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஆள் வந்து சொல்லும்வரை பொறுக்க வேண்டுமென்றும் சொன்னார்.

யாரும் சத்தம் போடவில்லை. திரும்பிப் போகவும் இல்லை. மழை தூறியது. நின்றுகொண்டே இருந்தார்கள். அத்தனை பேர் ஒன்றுசேர்ந்து தள்ளியிருந்தால் அந்தக் கதவு ஒரு நொடிக்கும் தாங்கியிராது. எல்லாருக்கும் அது தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு கைகூட நீளவில்லை.

மனேஜர் படியில் குந்தி இருந்துவிட்டார். பிறகு எழும்பிக் கதவைத் திறந்து, நனையாத மூட்டை ஒன்றை இழுத்து வாசலில் வைத்தார்.

“இதால என்ர வேலை போகலாம். போனாப் போகட்டும்,” என்றார். “தலைக்கு ஒரு கொத்து. ஒருத்தரும் பொய் சொல்லாதேங்கோ. வீட்டில எத்தினை பேரெண்டு மட்டும் சொல்லுங்கோ.”

வரிசை நகரத் தொடங்கியது. நாலு. ஏழு. மூன்று. ஒவ்வொருவரும் சொல்லிச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்கள். காசு கேட்கவும் இல்லை, பெயர் கேட்கவும் இல்லை.

எனக்கு முன்னால் நின்றவள் கடற்கரைப் பக்கத்துப் பெண். சங்கக்கடையில் முன்பு கண்டிருக்கிறேன், பேசியதில்லை. அவளிடம் பை இல்லை. ஆறு பேர் என்று சொல்லிவிட்டு முந்தானையை விரித்துப் பிடித்தாள். மனேஜர் அளந்து போட்டார். அன்றைக்கு அவர் கொத்தின் தலையைத் தடவவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். ஆறாவது கொத்தைச் சரிக்கப் போனபோது அவள் சட்டென்று ஒரு கையால் தடுத்தாள்.

“அஞ்சு பேர், ஐயா. ஆறெண்டு பழக்கத்தில சொல்லிப் போட்டன்.”

அழுகை இல்லாத குரல். மனேஜரின் கையில் நிரம்பிய கொத்து அப்படியே நின்றது. கடைசிப் பிள்ளையைக் கடல் கொண்டுபோனதென்று பிறகுதான் அறிந்தேன். ஆனால் அந்த நேரத்திலேயே அங்கே நின்ற எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

“பரவாயில்லைப் பிள்ளை, கொண்டு போங்கோ,” என்றார் மனேஜர் மெதுவாக.

அவள் தலையை ஆட்டினாள். “வேண்டாம் ஐயா. பின்னால ஆக்கள் நிக்கினம்.”

முந்தானையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு அவள் நடந்து போனாள். அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதல் நாள் கண்ட காற்று மரங்களைப் பிடுங்கி எறிந்திருந்தது. கடலைத் தரைக்கு ஏற்றியிருந்தது. அதைவிடப் பெரிய ஒன்றை அப்போதுதான் பார்த்ததுபோல் இருந்தது.

அடுத்தது நான். வீட்டில் எத்தனை பேர் என்று மனேஜர் கேட்டார்.

எத்தனையோ முறை பதில் சொன்ன கேள்வி. அன்றைக்கு இரண்டு என்று சொன்னால் அது பொய்யாக இருந்துவிடுமோ என்று பயம். ஒன்று என்று சொன்னால், என் வாயாலேயே அவரை முடித்துவிட்டதுபோல் ஆகிவிடும். அந்தப் பெண்ணுக்குப் பிறகு அந்த இடத்தில் நின்று பொய் சொல்லவும் எனக்கு ஏலாது.

“எனக்குத் தெரியாது, ஐயா,” என்றேன். “அவர் படகில நிண்டவர்.”

பின்னாலிருந்து ஒரு கை என் தோளைப் பிடித்தது.

“ரெண்டு பேர் மனேஜர். அளந்து போடுங்க,” என்றார் பக்கத்து வீட்டுப் பெண். “அந்தக் கொத்துக்கு நான் பொறுப்பு.”

மனேஜர் என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். இரண்டு கொத்து போட்டார்.

அடுத்தது அந்தப் பெண்ணின் முறை. வீட்டில் ஐந்து பேர் என்பது மனேஜருக்கு நன்றாகத் தெரியும். எத்தனை சண்டை போட்டிருப்பார்கள். ஐந்து கொத்துக்கு ஆயத்தமாக அவர் குனிந்தபோது, இவர் மூன்று போதும் என்றார். சின்னதுகள் இரண்டும் கஞ்சிதான் குடிக்கும் என்று சொல்லிவிட்டுப் பையை மூடினார். ஒரு மணியையும் விட்டுவிட்டு வராதே என்று எனக்குப் படிப்பித்த அதே ஆள்!

அதற்குப் பின்னால் நின்றவர்களும் அப்படியே சொல்லத் தொடங்கினார்கள். எங்களுக்கு நாலு போதும், எங்களுக்கு இரண்டு காணும், மரவள்ளி கொஞ்சம் கிடக்கிறது, சமாளிப்போம். யாரும் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. நல்ல காரியம் செய்கிறோம் என்ற முகமும் இல்லை. ஏதோ சந்தையில் பேசுவதுபோல் சாதாரணமாகச் சொன்னார்கள். நான் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று வரிசை முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாக நின்ற கிழவருக்கும் அரிசி கிடைத்தது. மூட்டையின் அடியில் இன்னும் மிச்சம் இருந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு கொத்தை மட்டும் உலையில் போட்டு, எல்லாருமாகக் கஞ்சி குடித்தோம். மற்றக் கொத்தைத் தொட எனக்கு மனம் வரவில்லை. ஒரு பானையில் போட்டு மூடி வைத்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் கழிந்த பிறகு என் கணவர் வந்தார். கண்டி வீதி வழியாக நடந்து, மரங்களுக்கு மேலாலும் கீழாலும் ஏறி விழுந்து வந்திருந்தார். கால் முழுக்க வெட்டுக்காயம். விசைப்படகைக் காற்று தூக்கிக் கரையோரக் கண்டல் காட்டுக்குள் எறிந்துவிட்டதாம். எஞ்சின் அறைக் கம்பியைப் பிடித்துக்கொண்டே கிடந்திருக்கிறார். விடிந்த பிறகு கப்பல்துறையில் ஒரு வீட்டார் உடுப்பும் கொடுத்து, பாதை கொஞ்சம் வெட்டுப்படும்வரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நேரே குசினிக்குள் போய் அந்தப் பானையைத் திறந்து அரிசியைக் களைந்தேன். அவசரத்தில் பாதித் தண்ணீர் சேலையில் கொட்டியது.

பக்கத்து வீட்டுப் பெண் வேலி இருந்த இடத்தில் வந்து நின்று, அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“மனேஜருக்குச் சொல்லி விடுறன், ரெண்டு பேர்தான் எண்டு,” என்று மட்டும் சொல்லிவிட்டு, முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு மனேஜரைக் கச்சேரிக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அன்றைக்கு வரிசையில் நின்ற பெண்கள் பலர் யாரும் கேட்காமலே போய் அந்தக் கச்சேரிக் கந்தோர் வாசலில் நின்றோம். கண்டிப்போடு விட்டுவிட்டார்கள், வேலை போகவில்லை. புதுப் புத்தகங்கள் கிடைத்தன. மனேஜர் பழையபடி கொத்தின் தலையைத் தடவத் தொடங்கினார். என் பக்கத்து வீட்டுப் பெண்ணும் பழையபடி சண்டை பிடித்தார். அதைப் பார்க்க எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

அந்தக் கடற்கரைப் பெண்ணைப் பிறகும் சில தடவைகள் கண்டேன். நெருங்கிப் போய் ஏதாவது பேச நினைப்பேன்; கடைசியில் சிரித்துவிட்டு வந்துவிடுவேன். இன்றைக்கும் யாராவது சாதாரணமாக வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால், எனக்கு உடனே பதில் வருவதில்லை. தன் வீட்டில் ஒரு ஆள் குறைந்துபோன மறுநாளே, முகம் தெரியாத யாரோ ஒருவருக்காக அந்த ஒரு கொத்தை வேண்டாமென்று சொல்ல ஒரு மனித மனத்துக்கு எங்கிருந்து பலம் வந்தது என்றுதான் அப்போது நினைப்பேன்.