இடப்பக்கம் இழுத்த மோட்டார் சைக்கிள்

ஐரோப்பாவில் சண்டை தொடங்குவதற்கு முந்தைய வருஷங்கள். அப்போது திருநெல்வேலி ஜில்லாவில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அந்த விரல்களில் ஒன்று எங்கள் வக்கீல். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார இஞ்சினீயரிடமிருந்து வண்டியை வாங்கியிருந்தார். கோட்டும் தலைப்பாகையுமாக அவர் அதில் ஏறிப் போனால் தெருவில் இருந்தவர்கள் எழுந்து நிற்பார்கள். அது மரியாதை என்று அவர் நினைத்தார். இடித்துவிடுவாரோ என்ற பயத்தில் எழுந்தவர்கள்தான் அதிகம்.

நான் பாளையங்கோட்டையில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். மிஷன் பட்டறையில் தொழில் படித்தவன். அப்பா ராதாபுரம் பக்கத்தில் பனை ஏறியவர். இந்தக் கடைசி விவரம் மோட்டார் சைக்கிளுக்குச் சம்பந்தமில்லாததுபோல் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

ஒரு நாள் வக்கீல் கடை வாசலில் வந்து வண்டியை நிறுத்தினார்.

"ஏலே, முன்சக்கரம் கிடந்து உதறுது. ஹேண்டில் இடது பக்கமாவே இழுக்குது. நேரா போகணும்னா மல்லுக்கட்ட வேண்டியிருக்கு. என்னன்னு பாரு."

பார்த்தேன். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திச் சுற்றிவிட்டு, ரிம்முக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டியைப் பிடித்தேன். ஒரே இடத்தில் உரசியது. அங்கே கம்பிகளை முறுக்கிச் சரிசெய்தேன். பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு நூல் பிடித்துப் பார்த்தேன், கோணல் இல்லை. ஹேண்டிலின் கழுத்தைப் பிரித்ததில் தேய்ந்த இரும்புக் குண்டுகள் இரண்டு கிடைத்தன. மாற்றினேன். தூத்துக்குடி ரோட்டில் இரண்டு மைல் ஓட்டி, இரண்டு கையையும் விட்டுப் பார்த்தேன். வண்டி நூல் பிடித்ததுபோல் போனது. எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ராதாபுரம் பக்கம் வக்கீலுக்கு ஒரு நிலத் தகராறு கேஸ் இருந்தது. வியாழக்கிழமைதோறும் அங்கே போய்வருவார். போய்வந்ததும் நேரே என் கடைக்கு வந்து கத்தினார்.

"என்னலே செஞ்ச வண்டிய? முன்னவிட மோசமா இழுக்குது!"

"போகையில இழுக்குதா, வரையில இழுக்குதாய்யா?"

"போகையிலதாம்லே. வரையில பச்சப்புள்ள மாரி வருது."

அந்தப் பதிலில்தான் எல்லாம் இருந்தது. என் மரமண்டையில் ஏறவில்லை. மறுபடியும் பிரித்தேன், பூட்டினேன், கையை விட்டு ஓட்டினேன். என்னிடம் ஒழுங்காக ஓடிய வண்டி அவரிடம் மட்டும் முரண்டு பிடித்தது.

கோர்ட்டில் மற்ற வக்கீல்கள் கூடி ஆராய்ந்தார்கள். குளிர்தேசத்து இரும்பு நம் வெயிலில் இளகுகிறது என்றார் ஒருவர். ஜோசியர் வந்து, வியாழக்கிழமை தெற்கே சூலம், வண்டி எப்படிப் போகும் என்று கேட்டார். அதற்குப் பரிகாரம் தைலம். ஆகவே முன்சக்கரத்துக்கு நல்லெண்ணெய் தடவிவிட்டார்கள். பிரேக் வழுக்கியதுதான் மிச்சம். இழுப்பு அப்படியே இருந்தது. பயணத்தைப் புதன்கிழமைக்கு மாற்றினார்கள். புதன்கிழமையும் இழுத்தது.

கிரகத்தைக் கோர்ட்டில் நிறுத்த முடியாது. அதனால் வக்கீல் என்னை நிறுத்தினார். "வண்டி நல்லாத்தான் இருந்துச்சு. அந்தச் சைக்கிள்காரன் கைய வச்சான், போச்சு" என்று கோர்ட் வாசலில் நின்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். முதலில் ஓவர்சியர் தன் சைக்கிளை வேறு கடைக்குக் கொண்டுபோனார். பிறகு மிஷன் கோயில் உபதேசியார். ஒரே மாதத்தில் கடையில் நானும் காற்றடிக்கிற பம்பும் மட்டும் மிஞ்சினோம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இன்னும் ஒரு மாதம் இப்படிப் போனால் கடையை மூடிவிட்டு அப்பாவோடு பனங்காட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கடைசியில், வண்டி இழுப்பதை நானே கண்ணால் பார்க்கிறேன் என்று வக்கீலிடம் சொல்லி, அவர் போகிற நாளுக்கு முந்தின நாளே சைக்கிளில் கிளம்பினேன். நாங்குநேரியில் தங்கி, காலையில் இன்னும் சில மைல் தெற்கே போய் ஒரு உடைமரத்தடியில் உட்கார்ந்தேன். ரோட்டோரக் கிணற்றில் சுரைக்குடுக்கையை நிரப்பி வைத்துக்கொண்டேன்.

வெயில் ஏறியபின் வண்டிச் சத்தம் கேட்டது. வக்கீல் பல்லைக் கடித்துக்கொண்டு ஹேண்டிலோடு மல்லுக்கட்டியபடி வந்தார். ஹேண்டிலின் இடது கைப்பிடியில் ஒரு பெரிய பித்தளைக் கூஜா தொங்கியது. நாலு படித் தண்ணீர் பிடிக்கும். அது ஆட ஆட, முன்சக்கரமும் சேர்ந்து உதறியது.

திருநெல்வேலிப் பெரிய மனிதர்களுக்கு ஆற்றுத் தண்ணீர் தவிர வேறு தண்ணீர் தொண்டையில் இறங்காது. தெற்கே கிணறெல்லாம் உப்பு வேறு. போகும்போது கூஜா நிறைந்திருக்கும், வரும்போது காலியாக இருக்கும். சூலம் இவ்வளவுதான்.

இத்தனை நாள் அது ஏன் என் கண்ணில் படவில்லை என்று யோசித்தேன். அதுவும் உடனே விளங்கிவிட்டது. வண்டி என் கடைக்கு வரும்போதெல்லாம், தெருமுனையில் வக்கீல் வீட்டு ஆள் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கூஜாவைக் கழற்றிக்கொள்ளத்தான் அந்த நிற்பு. பனையேறி மகன் கை பட்டால் அந்தப் பாத்திரத்துக்கு ஆகாது. கோளாறைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கோளாறைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஐயா! கூஜா! கூஜா!" என்று கத்தினேன்.

அவர் இடது பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். ஹேண்டிலும் கூடவே திரும்பியது. வண்டி ரோட்டோர மணலில் பைய இறங்கிச் சாய்ந்தது. முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் கூஜாவின் மூடி தெறித்து, தாமிரபரணி முழுவதையும் நாங்கள் எழுந்து போவதற்குள் செம்மண் குடித்துவிட்டது.

கூஜா இல்லாமல் வண்டியை எடுத்து, கையை விட்டு ஓட்டிக் காட்டினேன். அவர் கவனம் வண்டியில் இல்லை. நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டு என் குடுக்கையையே பார்த்தார். பிறகு ரோட்டை நாலு பக்கமும் பார்த்தார். எந்தக் கேஸிலும் அவர் இவ்வளவு அக்கறையாகச் சாட்சி தேடியிருக்க மாட்டார்.

"தூக்கி ஊத்தும் வே."

கையைக் குவித்தார். ஊற்றினேன். பாதி முழங்கை வழியாக வழிந்தது. பொறுக்க முடியாமல் குடுக்கையைப் பிடுங்கி வாயில் வைத்துக் குடித்து முடித்தார்.

"நல்ல தண்ணி. நம்ம ஆத்துத் தண்ணிதான?"

"இல்லய்யா. இங்கன ரோட்டோரக் கிணறு. உப்புத் தண்ணி."

வாயைத் துடைத்துக்கொண்டு, ரோட்டை மறுபடியும் ஒரு தடவை பார்த்தார்.

"இத ஊர்ல சொல்லிராதேயும் வே."

"சொல்ல மாட்டேன்யா. வண்டியில என்ன கோளாறுன்னு கோர்ட்டுல நீங்க சொல்லிருங்க, போதும்."

சொன்னார், வக்கீல் பாணியில். ஹேண்டில் கழுத்தில் ஏதோ தளர்ச்சி, பையன் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டான் என்றார். கூஜா பற்றிப் பேச்சில்லை. அதைப் பின்பக்கக் கேரியரில் நடுவாகக் கட்டச் சொல்லியிருந்தேன், அப்படியே கட்டினார். இழுப்பு நின்றது. ஓவர்சியரும் உபதேசியாரும் திரும்பி வந்தார்கள். நான் என் வாக்கை அவர் கண்ணை மூடும்வரை காப்பாற்றினேன்.

மறுமாதம் அவர் வண்டி பஞ்சராகிக் கடைக்கு வந்தது. "என்னலே, சீக்கிரம் பாரு" என்றார். கேரியரில் கயிறு மட்டும் தொங்கியது. தெருமுனையில் அவருடைய ஆள், கழற்றிய கூஜாவை என் கண் படாமல் முதுகுக்குப் பின்னால் பிடித்தபடி நின்றிருந்தான்.