கிட்டார் நிறுத்த வேண்டிய இடம்

கிள்ளான் பஸ்ஸில் பேஸ் கிட்டாரோடு ஏறுவது குணபூசணிக்கு வாராவாரம் ஒரு தண்டனை. பெட்டி கதவில் இடிக்கும், யாராவது ஒருவர் முழங்காலில் முட்டும். கண்டக்டர் தவறாமல் கேட்பார்: "என்னாக்கா, வீணையா?"

"இல்லைங்க, கிட்டார்."

"ஓ, சர்ச்சுக்குப் போறீங்களா?"

மூன்றாவது வாரத்திலிருந்து அவள் வீணை என்றே சொல்லத் தொடங்கிவிட்டாள்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்த யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண் அவள். எழுபதுகளின் கடைசியில் தாதிமைப் படிப்புக்காக இங்கிலாந்துக்கு, லீட்ஸ் நகரத்துக்குப் போனாள். பங்க் இசை வந்து எல்லாவற்றையும் உடைத்துப்போட்டுவிட்டு ஓய்ந்திருந்த நேரம் அது. உடைந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று அந்த ஊர்ப் பிள்ளைகள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். பங்குக்குப் பிறகு வந்தது என்பதால் போஸ்ட் பங்க் என்றார்கள் அதை. வேலை முடிந்து விடுதிக்குத் திரும்புகிற வழியில் ஒரு கூடத்துக்குள் எட்டிப் பார்த்தவள், மேடையில் ஒரு பெண் பேஸ் வாசிப்பதைக் கண்டாள். தடித்த நான்கு கம்பிகள். பாட்டையே அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். கிட்டார்க்காரன் ஓரமாக நின்று எப்போதாவது ஒரு கீறல் கீறினான். குணபூசணி அடுத்த மாதமே பழைய பேஸ் ஒன்றை வாங்கிவிட்டாள்.

ஊர் திரும்பிய பிறகு, இதை யாரிடம் சொல்வது? அம்மா பூரணத்திடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"பங்குக்குப் பிறகு எண்டால் என்ன பிள்ளை? ஆருடைய சொத்து?" என்றார் அம்மா.

அப்படியிருக்கும்போதுதான் பக்கிரிசாமி வந்து சேர்ந்தான். கிள்ளான் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன். இரும்புக் கயிறு கையைக் கிழித்துவிட்டது என்று கம்பெனி அவனை, பெட்டாலிங் ஜெயாவில் அவள் வேலை பார்த்த மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தது. கட்டுப் போடும்போது, தாதிகளை எல்லோரும் அழைப்பதுபோல மிஸ்ஸி என்று அழைத்து, அவன் கேட்டது ஒன்றுதான்.

"மிஸ்ஸி, கிட்டார் வாசிக்க முடியும்லா?"

"முடியும். என்ன வாசிப்பீங்க?"

"உங்களுக்குத் தெரியாது. ஸ்டூஜஸ்னு ஒரு குழு."

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. அவன் பையனாக இருந்தபோது, கப்பல்காரர்கள் விட்டுப்போன அமெரிக்க இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவன். பங்க் என்ற பேர் பரவுவதற்கு முன்னாலேயே அப்படிக் கத்தியவர்கள், இடித்தவர்கள், கார்டு என்கிற சுரக்கூட்டு மூன்றை மட்டும் வைத்துக் கூரையைப் பெயர்த்தவர்கள்தான் அவனுக்குத் தெய்வங்கள். இந்த நாட்டில் முதன்முதலாக விளக்கம் சொல்லத் தேவையில்லாத ஓர் ஆள் கிடைத்துவிட்டான் என்று குணபூசணி மகிழ்ந்துபோனாள். எவ்வளவு பெரிய தப்புக் கணக்கு!

கிள்ளானில் டயர் கடை வைத்திருந்த நாகையா, கல்யாணக் கச்சேரிகளில் டிரம்ஸ் வாசிப்பவர். அவர் கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் மூவரும் சனிக்கிழமைதோறும் கூடினார்கள். வாசித்த நேரத்தைவிடச் சண்டை போட்ட நேரம்தான் அதிகம்.

"உங்க ஆளுங்க படிச்சவங்க மிஸ்ஸி. நடுப்பாட்டுல நின்னு யோசிக்கிறாங்க. பாட்டு என்ன பரீட்சையா?"

"உங்க ஆளுங்க யோசிக்கவே இல்லயே! அரை மணி நேரம் ஒரே கார்டு. ஆம்பளைக்கு சலிப்பா இருக்குன்னு ஊரே கேக்கணுமா?"

"அந்தக் கார்டு இல்லேன்னா உங்க ஜாய் டிவிஷன் குழு எங்கேருந்து வந்திருக்கும்?"

"வந்த இடத்திலயே உக்காந்திருக்கணும்னு யாரு சொன்னா? அங்க ஒரு குழுவுல ரெண்டு பேஸ் வச்சிருந்தாங்க, தெரியுமா?"

"ரெண்டா? ஐயோ, தூக்கமா வருமே!"

நாகையா குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு தேநீருக்குச் சொல்லி அனுப்புவார்.

குணபூசணிக்கு உள்ளுக்குள் பற்றி எரிந்தது வேறொன்றால். அவனுடைய பாட்டுகளை அவள் மதித்தாள். வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவைப் பற்றி அவன் பேசினால் அவளால் மறுத்துப் பேச முடியாது. ஆனால் அவள் போட்ட பாட்டில் கிட்டார் சும்மா இருக்க வேண்டிய இடம் ஒன்று இருந்தது. பேஸும் டிரம்ஸும் மட்டும் நடக்க, நடுவில் வெறும் காற்று. அந்த இடம் வந்தாலே பக்கிரிசாமியின் விரல் துடிக்கும். "சரி மிஸ்ஸி, தொட மாட்டேன்" என்பான். தொடுவான்.

கிள்ளானை அடுத்த காப்பாரில் நாகையாவின் மாமன் மகளுக்குக் கல்யாணம். வரவேற்பில் வாசிக்கக் கேட்டார்கள். முதலில் பக்கிரியின் பாட்டு, அடுத்தது குணபூசணியின் பாட்டு என்று முடிவாயிற்று. "இந்தத் தடவை சத்தியமா தொட மாட்டேன்" என்று அவன் டயர் மேல் அடித்துச் சொன்னான்.

அவன் பாட்டு நன்றாகவே எடுபட்டது. கிழவிகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் நண்பர்கள் குதித்தார்கள். பிறகு குணபூசணி தொடங்கினாள். பேஸ் மெல்ல நடந்தது, நாகையா பின்னாலேயே வந்தார். பந்தியில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த இடம் வந்தது. டிரம்ஸில் நாலு அடி போயிருக்கும். கிட்டார் லோரிபோல் உள்ளே புகுந்தது. பார்த்தால், அவன் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறான்.

அவள் அவன் கிட்டாரின் ஒயரைப் பிடுங்கினாள்.

"பக்கிரி! நிறுத்துங்க! எத்தன தடவதான் சொல்றது உங்களுக்கு?"

எதிரே மைக் இருந்ததை மறந்துபோனாள். மண்டபம் முழுவதும் அடங்கிவிட்டது. முன்வரிசையிலிருந்து மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்தார். "தம்பி, புருசன் பொண்டாட்டி சண்டையெல்லாம் வீட்டோட வச்சிக்குங்கப்பா. நல்ல நாளும் அதுவுமா!"

மணப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குணபூசணிக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

வெளியே மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்தில் பக்கிரிசாமி அவள் பின்னாலேயே வந்து நின்றான்.

"மிஸ்ஸி, வேணும்னு செய்யலை."

"பின்ன?"

"போர்ட்ல திடீர்னு சத்தம் நின்னா, யாருக்கோ அடிபட்டிருக்குன்னு அர்த்தம். அன்னைக்கு என் கை கிழிஞ்சப்பவும் அப்படித்தான் நின்னுச்சு. சத்தம் இல்லேன்னா எனக்கு உடம்பு பதறுது. கை தானா போயிடுது."

வார்டில் சத்தம் அடங்கினால்தான் குணபூசணிக்கு நிம்மதி. எல்லோரும் வலியில்லாமல் தூங்குகிறார்கள் என்று அர்த்தம். பாவமாகவும் இருந்தது, அறையலாம் போலவும் இருந்தது.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா பயந்தாங்கொள்ளின்னு நெனப்பீங்க."

"இப்ப மட்டும் என்ன நெனக்கிறேன்?"

அவனைக் குழுவிலிருந்து நீக்கியது அவள்தான். காரணம் புரிந்துவிட்டதால் பாட்டு சரியாகிவிடாது என்று நேராகவே சொன்னாள். அவனும் தலையாட்டினான். எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்த வீரம்மா பாட வந்தாள். கிட்டாரே இல்லாமல் பேஸ், டிரம்ஸ், குரல் மட்டும். சின்னச் சின்ன மண்டபங்கள், கல்லூரி விழாக்கள், ஒருமுறை ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு சீன உணவகத்தின் மாடி. பாதிப் பேர் எழுந்து போவார்கள். மீதிப் பேர் இன்னொரு பாட்டுக் கேட்பார்கள். அவளுக்கு அது போதும்.

பக்கிரிசாமி போய்த் தொலைந்தானா என்றால், அதுவும் இல்லை. தன் அண்ணனின் வேனைக் கொண்டுவந்து, ஒலிபெருக்கிகளை ஏற்றுவதும் இறக்குவதும் அவன்தான். யாரும் கூப்பிடவில்லை. பஸ்ஸில் வீணை தூக்குகிற தண்டனை தீர்ந்ததே என்று அவளும் வேண்டாமென்று சொல்லவில்லை. கச்சேரி நடக்கும்போது முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். திரும்பி வரும் வழியில் வாய் ஓயாது.

"நல்லாத்தான் இருந்துச்சு மிஸ்ஸி. ஆனா அந்த மூணாவது பாட்டுல ஒரே ஒரு கார்டு..."

"பக்கிரி."

"ஒண்ணே ஒண்ணு. சின்னதா."

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

பின் சீட்டில் வீரம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். நாகையா தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.