வழக்குப் பிடிக்கும் என்று சொன்னேன்

கேட்டு வாங்கிய ஒரு புத்தகத்துக்காக என்னைத் திருடி என்று சொன்னார்கள். சொன்னவர் வேறு யாருமில்லை. ஏணியில் ஏறி அதை எடுத்து என் கையில் கொடுத்த அதே மனிதர். இத்தனை வருஷம் கழித்து நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், ஒரு நெல் வியாபாரியின் கிட்டங்கிக்கு மேல்மாடியில் வாசகசாலை திறந்திருந்தார்கள். மூட்டைகளுக்கு நடுவே ஏறிப் போக வேண்டும். புத்தகத்தைப் பிரித்தால் நெல் உமி பறக்கும். வாசகசாலைக்கு ஒரு காரியதரிசி இருந்தார். ஒல்லியானவர், கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டை வெயில் காலத்திலும் கழற்ற மாட்டார். இளம் பிள்ளைகளுக்குக் கண்டதையும் கொடுக்கக் கூடாது, அவரவர் ஆசையைக் கேட்டு அதற்கேற்ற புத்தகத்தைத்தான் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. சனிக்கிழமை சாயங்காலம் எங்களை வரிசையாக நிறுத்தி, "ஒனக்கு என்னதுல இஷ்டம் மக்கா?" என்று கேட்பார். பதில் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு ஏணியை இழுத்துப் போடுவார்.

செக்கு வைத்திருந்தவர் வீட்டுப் பையன் காளை என்றான். அவனுக்கு மாட்டு வைத்தியம் கிடைத்தது. பாதி வாசிப்பதற்குள், அதில் சொன்ன நோய் அத்தனையும் தன் வீட்டுக் காளைக்கு இருக்கிறதென்று அழுதுகொண்டு ஓடினான். இன்னொருவன் தனக்கு ஒன்றுமே பிடிக்காது என்றான். அவனுக்குத் துறவிகளின் சரித்திரம் போயிற்று. ஆற்றில் முங்கிக் குளிப்பது பிடிக்கும் என்ற என் அண்ணனுக்குக் கடல் யாத்திரைக் கதை. என் முறை வந்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே மேஜையிலிருந்து ஒரு சமையல் புத்தகத்தை எடுத்து நீட்டிவிட்டார். ஏணிகூட வேண்டியிருக்கவில்லை.

பெண் பிள்ளைகள் மூன்று பேர் வந்துகொண்டிருந்தோம். மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒரு சமையல் புத்தகம்.

ஒரு வாரம் பொறுத்திருந்தேன். அந்தப் புத்தகத்தில் புளிசேரிக்குச் சொல்லியிருந்த பக்குவத்தை அம்மாவிடம் வாசித்தபோது, "இத எழுதுனவன் அடுக்களைய எட்டிப் பாத்திருக்கானா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். அடுத்த சனிக்கிழமை அதைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன்.

"நீங்க எங்கிட்ட கேக்கவே இல்லியே" என்றேன்.

மாடியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். காரியதரிசிக்கு முகம் சிவந்தது. ஆனால் கொள்கை அவருடையது. அவரால் மறுக்க முடியவில்லை. "சரி பிள்ளே, ஒனக்கு என்னதுல இஷ்டம்?"

"வழக்கு."

"என்னது?"

"கோர்ட்டுல ரெண்டு பேரு நின்னு பேசிப் பேசி ஜெயிப்பாங்கல்லா, அது."

நான் அப்படிச் சொன்னதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் உப்புப் புளிக்கு அடுத்தபடியாகப் புழங்கியது வழக்குத்தான். எங்கள் ஆட்களுக்கு அந்தக் காலத்தில் மருமக்கள் வழி. குடும்பச் சொத்து மகனுக்குப் போகாது, சகோதரிக்கும் அவள் பிள்ளைகளுக்கும்தான். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மூத்த ஆண் இருக்கிறவரை சாவி அவர் இடுப்பில். அப்பா இறந்த பிறகு அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். அங்கே சாவி மாமாவின் இடுப்பில் இருந்தது. மாமா கால்வாய்த் தண்ணீருக்காக ஒரு வழக்கும், தென்னந்தோப்பு எல்லைக்காக இன்னொரு வழக்கும் நடத்திக்கொண்டிருந்தார். வக்கீல் குமாஸ்தா வந்தால் நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். யார் எதைச் சொல்லி யாரை மடக்கினார்கள் என்று கேட்பதைப்போல எனக்கு ருசியானது வேறு இல்லை.

அதே மாமாதான் வாசகசாலைக்குத் தலைவர். அலமாரிகள் இரண்டும் அவர் கொடுத்தவை. "எங்க வீட்டுல பொட்டப்பிள்ளையும் வாசிக்கும் ஆக்கும்" என்று விருந்தாளிகளிடம் சொல்லிச் சந்தோஷப்படுவார்.

காரியதரிசி கண்ணை மூடினார். வழக்கத்தைவிட அதிக நேரம் மூடியிருந்தார். இந்த ஆசைக்குப் புத்தகம் இல்லை என்று சொல்லிவிட்டால் கொள்கை என்னாவது? கடைசியில் ஏணியைப் போட்டார். எட்டாத தட்டிலிருந்து பழுப்பு நிறக் காலிகோ துணி அட்டை போட்ட புத்தகம் ஒன்றை எடுத்து, கோட்டின் கைப்பகுதியால் தூசி துடைத்து என்னிடம் கொடுத்தார். எங்கள் மருமக்கள் வழிக் குடும்பங்களுக்காக அரசாங்கம் புதிதாகப் போட்டிருந்த சட்டத்தைத் தமிழில் விளக்கிய புத்தகம் அது. "பத்து ஆளு கேட்டாலும் பத்து விதமா குடுப்பேன்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டே இறங்கினார்.

மத்தியான வேளைகளில் அடுக்களை முற்றத்தில் உட்கார்ந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் நேந்திரங்காய் சீவிக்கொண்டிருப்பாள். முதல் நாள் ம்ம் கொட்டினாள். இரண்டாம் நாள் கத்தி நின்றுவிட்டது.

"அத இன்னொருக்கா வாசி."

வாசித்தேன். பிரியாத குடும்பத்தில், பிராயம் வந்த எவரும், ஆணானாலும் பெண்ணானாலும், தன் பாகத்தைத் தனியே பிரித்துக் கேட்கலாம் என்று இருந்தது.

"பொண்ணானாலுமா?"

"ஆணானாலும் பெண்ணானாலும்னு போட்டிருக்கும்மா."

"நெசமாட்டு போட்டிருக்கா? நீயாட்டு சேக்கல்லியே?"

எனக்கு ஒரே பெருமை. அண்ணன் கடல் கதையை வைத்துக்கொண்டு அம்மாவின் பின்னால் எத்தனை நாள் அலைந்தான்! திமிங்கலம் வந்தபோதுகூட அவள் திரும்பிப் பார்த்ததில்லை. என் புத்தகத்துக்குக் கத்தியைக் கீழே வைத்துவிட்டாளே. அம்மாவுக்கு வாசிப்பில் ருசி விழுந்துவிட்டது என்று நினைத்தேன். தினமும் அந்தப் பக்கத்தையே வாசிக்கச் சொன்னாள்.

ஒரு நாள் நான் வாசித்து நிமிர்ந்தால் புறவாசலில் மாமா நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. அம்மாவை அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பக்கம் பார்க்கக்கூட இல்லை. என் மடியிலிருந்து புத்தகத்தை எடுத்தார்.

"ஏட்டி, இந்தச் சவத்த ஒனக்கு ஆரு தந்தா?"

"காரியதரிசிதான் மாமா தந்தாங்க."

அன்று சாயங்காலமே என் கையைப் பிடித்துக்கொண்டு வாசகசாலை மாடிக்கு ஏறினார். சனிக்கிழமை, எல்லாரும் இருந்தார்கள். புத்தகத்தை மேஜையில் போட்டு, "இத நீரு குடுத்தீரா?" என்று கேட்டார்.

காரியதரிசி புத்தகத்தைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். மாமா கொடுத்த அலமாரிகளைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை.

"நான் குடுக்கல்லே. பிள்ளை நான் அறியாம எடுத்துட்டுப் போயிருக்கும்."

நான் கத்தினேன். "நீங்கதானே ஏணி போட்டு எடுத்துத் தந்திய! கோட்டால தொடச்சுத் தந்திய! எல்லாரும் பாத்துக்கிட்டுல்லா நின்னாங்க!"

எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். செக்கு வீட்டுப் பையன் மாட்டு வைத்தியத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். துறவிகளின் சரித்திரம் வாங்கியவன் உலகப் பற்றை அன்றைக்குத்தான் முழுசாக விட்டான்போல ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அண்ணன் ஒருவன்தான், "தந்தாங்க மாமா, நான் கண்டேன்" என்றான். அவனுக்குக் கன்னத்தில் ஒன்று விழுந்தது.

"எங் குடும்பத்துல களவாணி கெடயாது" என்றார் மாமா. "இனி பொட்டப்பிள்ளைய ஆரும் இந்தப் படி ஏறாண்டாம்."

எங்கள் மூன்று பேருக்கும் அதோடு முடிந்தது. மற்ற இருவரும் என்ன தப்புச் செய்தார்கள்? சமையல் புத்தகத்தைத் தவிர வேறொன்றையும் அவர்கள் கேட்டதுகூட இல்லையே. அடுத்த வாரம் அண்ணன் எனக்காகப் போய், "எனக்கு இப்பம் வழக்குல இஷ்டம்" என்று சொல்லிப் பார்த்தான். காரியதரிசி வெளிறிப் போய், கடல் கதையில் இன்னும் இரண்டு பாகம் இருக்கிறதென்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

திருடி என்று பெயர் வாங்கிய அன்றே, மாடியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு போய் அந்தக் காரியதரிசியை நாலு வார்த்தை கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"அந்தப் பக்கம் ஒனக்கு மனப்பாடமா மக்ளே?"

பெற்ற மகளைத் திருடி என்கிறார்கள், இவளுக்குப் பாடம் ஒப்பிக்க வேண்டுமாம்! அழுகையும் ஆத்திரமுமாக முழுவதையும் ஒப்பித்தேன். எத்தனை தடவை வாசித்தது, ஒரு சொல்கூடப் பிசகவில்லை. "மறந்துராத" என்று மட்டும் சொன்னாள்.

மறு ஞாயிற்றுக்கிழமை நாகராஜா கோயிலில் பால் ஊற்ற வேண்டும் என்று சொல்லி, அம்மா என்னை வண்டியில் நாகர்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பால் ஊற்றினோம். பிறகு வண்டி வடசேரிக்குத் திரும்பி ஒரு வக்கீல் வீட்டு வாசலில் நின்றது. அம்மா அறைக்குள் போகவில்லை; நிலைப்படியில் ஒதுங்கி நின்று என்னை முன்னால் தள்ளினாள். "சொல்லு மக்ளே."

சொன்னேன். வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் கேட்ட கேள்விகளுக்கு அம்மா நிலைப்படியிலிருந்தே பதில் சொன்னாள். அவள் குரல் அவ்வளவு திடமாக இருந்து நான் அதுவரை கேட்டதில்லை. எல்லாம் முடிந்ததும் நான் கேட்டேன், "ஒருத்தரு நம்மள களவாணின்னு சொன்னா அதுக்குச் சட்டம் உண்டா?"

"உண்டே."

"அப்பம் அதையும் சேத்து எழுதணும்."

"எழுதிருவோம்" என்று சொல்லி, அவர் பேனாவை மையில் தொட்டு எதையோ எழுதினார். எனக்கு நெஞ்சு ஆறியது. வழக்கு நடந்த காலமெல்லாம், அது என்னுடைய வழக்கு என்றே நினைத்திருந்தேன். மாமா எங்களோடு பேச்சை நிறுத்தினார். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. மாமி கிணற்றடியில் அம்மாவைக் கண்டால் குடத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவாள். எனக்கு இதொன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. காரியதரிசி கூண்டில் ஏறி நிற்கப்போகும் நாளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர் ஏறவே இல்லை. வழக்கு ராசியில், இரண்டு பக்கமும் பேசிச் சமரசமாக முடிந்தது. குளத்துக்குக் கீழே வயலில் ஒரு பங்கும், வீட்டில் பாதியும் அம்மாவுக்கு வந்தன. கோர்ட்டிலிருந்து திரும்பி வண்டியை விட்டு இறங்கியதும் கேட்டேன், "காரியதரிசி எப்பம்மா வந்து மன்னிப்புக் கேப்பாரு?"

"எந்தக் காரியதரிசி?" என்றாள் அம்மா.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

ஒரு வாரம் கழித்து முற்றத்தின் குறுக்கே சுவர் எழுப்பக் கொத்தனார் வந்தார். மாமா அந்தப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். சுவர் முழங்கால் உயரம் வந்ததும் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள். "கொத்தனாரே, நடுவுல ஒரு ஆளு கடக்குததுக்கு எடம் விட்டிரும்" என்றாள்.

"கதவு போடணுமா?"

"கதவு வேண்டாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆருக்கும்மா வாசல்? ஜெயிச்சது நாமல்லா!" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினேன். அந்தப் பக்கம் வெற்றிலை மெல்லும் சத்தம் நின்றது.

"சும்மா கெட பிள்ளே" என்று சொல்லிவிட்டு அம்மா அடுக்களைக்குள் போனாள். போய் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். திருடி என்று பெயர் வாங்கிய நான் அழவில்லை. பாதி வீட்டை ஜெயித்தவள் எதற்காக அழ வேண்டும்? புகை என்று நினைத்து, ஊதுகுழலை எடுத்து அடுப்பை ஊதிவிட்டேன்.