அஞ்சலை எடுத்த படம்

அந்தப் படத்தை நான் எடுக்கவில்லை.

ஓமன் நாட்டுக் கடலோர ஹோட்டல் ஒன்றின் வரவேற்பறையில், கீழே என் பெயர் பொறித்துத் தொங்குகிறதே, மரக்காணம் உப்பளத்தின் விடியற்காலைப் படம்... அதை எடுத்தவள் என் மனைவி அஞ்சலை. இது அவளுக்கே ரொம்ப நாள் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவன் நான்.

திருட்டு என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள். ஆனால் திருட்டைவிடக் கேவலமான ஒன்று இதில் இருக்கிறது.

ஹோட்டல்களைப் படம் எடுப்பது என் தொழில். கல்யாண வீடுகளில் ஆரம்பித்தவன், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரிசார்ட்டுகள் முளைக்க முளைக்க அந்தப் பக்கம் போய்விட்டேன். கட்டில் விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, பிளக் பாயிண்டைப் பூந்தொட்டியால் மறைத்து, யாருமே படுத்திராத அறை போலக் காட்ட வேண்டும். அதில் நான் கெட்டிக்காரன்தான். பொய்யடக்கம் எதற்கு?

அஞ்சலை கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருஷம் உப்பளத்தில் வேலை செய்தவள். எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் என் கேமராப் பையைத் திறந்து லென்சுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வைப்பாள். "எனக்கும் கத்துக் குடுங்களேன்" என்று இரண்டு மூன்று தடவை கேட்டாள். "நீ எடுக்க ஆரம்பிச்சா என் பொழப்பு என்னாவறது?" என்று கிண்டல் செய்து தட்டிக் கழித்தேன். வெறும் கிண்டல்தானா அது? இப்போது யோசித்தால் சந்தேகமாக இருக்கிறது.

நான்கு வருஷத்துக்கு முன்னால், ஒரு பங்குனி மாதக் காலை. ரிசார்ட் ஒன்றின் வெப்சைட்டுக்கு உப்பளப் படம் கேட்டிருந்தார்கள். பழைய கூட்டாளிகளைப் பார்க்கலாம் என்று அஞ்சலையும் என்னோடு வந்தாள். எல்லாப் படக்காரர்களையும் போல நானும் சூரியன் வரும் திசையைப் பார்த்து டிரைபாடை நிறுத்தினேன். அந்த நேரம் பார்த்து ரிசார்ட் மேனேஜர் போன் செய்தார். சிக்னல் சரியில்லை. பேசிக்கொண்டே ரோட்டுப் பக்கம் நடந்தேன். போகும்போது விளையாட்டாக, "இந்த பட்டன்தான். வேணும்னா அமுக்கிக்கினு இரு" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

இருபது நிமிஷம் கழித்து வந்தால் டிரைபாட் இருந்த இடத்தில் இல்லை. வேறொரு பாத்திக்குக் கொண்டுபோய், கால்களைக் குறுக்கி, கேமராவை மேற்கே திருப்பி வைத்திருந்தாள். வரப்பில் மண்டி போட்டிருந்தாள். அடுத்த பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த குப்பு அக்காவிடம், "அக்கா, நிமிராத. அப்படியே இரு" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

பைக்கை எடுப்பதற்கு முன் அவள் எடுத்த ஏழு படங்களையும் பார்த்தேன். ஆறு சுமார். ஏழாவது... என்னவென்று சொல்வேன்! பல நாளாக வாராமல் விட்ட பாத்தி அது. தண்ணீர்மேல் பாலாடை போல உப்பு படர்ந்திருக்கிறது. மேற்கு வானத்தின் வெளிர்ச்சிவப்பு முழுவதும் அதில் இறங்கியிருக்கிறது. ஓரத்தில், கட்டம் போட்ட ஆண்பிள்ளைச் சட்டையைச் சேலைமேல் மாட்டிய குப்பு அக்காவின் குனிந்த முதுகு. இத்தனை வருஷமாக நான் எடுக்க நினைத்து, எடுக்க முடியாமல் போன படம்.

"எப்படிங்க வந்துருக்குது?" என்று கேட்டாள்.

"எல்லாம் ஆடிப்போச்சு. ஒண்ணும் தேறல."

டிரைபாட்மேல் நிற்கும் கேமரா எப்படி ஆடும்? அதைக்கூட அவள் கேட்கவில்லை. என் தோளில் கை வைத்துப் பின்னால் ஏறி உட்கார்ந்து சிரித்தாள். "உப்பு வாரின கைதானே. அதுக்கெங்க போட்டோ வரும்?"

அன்றோடு அவள் கேமராவைத் தொடுவதை விட்டுவிட்டாள். தன் கை பட்டுக் கெட்டுவிடுமோ என்று லென்ஸ் துடைப்பதைக்கூட நிறுத்திவிட்டாள். திருட்டைவிடக் கேவலம் என்றேனே, அது இதுதான். படத்தை எடுத்துக்கொண்டது பிறகு. முதலில் அவள் கையின்மேல் அவளுக்கிருந்த நம்பிக்கையைப் பிடுங்கினேன். ஏன் செய்தேன்? பொறாமையா? வீட்டில் கெட்டிக்காரன் ஒருவன்தான் இருக்க வேண்டும் என்ற அற்பத்தனமா? அவள்மேல் எனக்கு உயிர். அந்த உயிரை வைத்துக்கொண்டுதான் இதைச் செய்தேன்...

போன வருஷம் சென்னை ஏஜென்சி ஒன்று வெளிநாட்டு வேலைக்காகப் பத்துப் படம் அனுப்பச் சொன்னது. ஒன்பது என்னுடையவை. பத்தாவது அவளுடையது. அந்தப் பத்தாவதைப் பார்த்துத்தான் ஓமன் ஹோட்டலிலிருந்து கூப்பிட்டார்கள்.

நான் கிளம்பும் முன் அஞ்சலை எனக்கு மூன்று புதுச் சட்டைகளை இஸ்திரி போட்டு அடுக்கினாள். கருவாட்டுப் பொடியை இரண்டு கவருக்குள் வைத்துக் கட்டினாள். தெரு முழுக்க, "அவரு படத்தப் பாத்துட்டு வெளிநாட்டுலேர்ந்து கூப்புடறாங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். பஸ் ஸ்டாண்டில் என் சட்டைக் காலரைச் சரி செய்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. சந்தோஷத்தில்!

அந்த ஹோட்டலின் பின்பக்கம் ஆழமில்லாத காயல். அறைகளையெல்லாம் சுத்தமாக எடுத்துக் கொடுத்துவிட்டேன். காயல்தான் வரவில்லை. மூன்று காலைகள் சூரியனைப் பார்த்து நின்று எடுத்தேன். விளம்பரப் பிரிவிலிருந்த அம்மையார், மேஜையில் உப்பளப் படத்தையும் என் புதுப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இதை எடுத்தவரின் கண் இவற்றில் இல்லையே என்று மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வீடியோ கால் போட்டேன். அஞ்சலை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உப்பளத்துல நீங்கள்லாம் ஏன் சூரியனுக்கு முதுகு காட்டியே நிக்கிறீங்க?"

"இன்னாங்க திடீர்னு?"

"சும்மாதான் கேட்டேன்."

"கெழக்கால பாத்தா உப்பு கண்ணப் பறிச்சிடும்ங்க. வேல ஓடாது. மேற்கால பாத்தாத்தான் பாத்தி தெரியும். சூரியன் வர்றதுக்கு முன்னாடியே தண்ணியில கலர் வந்துடும். காத்து எழும்பிச்சின்னா அதுவும் போயிடும்." சொல்லிவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். "சாப்ட்டீங்களா? மொகம் வாடிப் போயிருக்குது."

மறுநாள் இருட்டு பிரியும்போதே போய் டிரைபாடை மேற்கே திருப்பினேன். படம் வந்தது. அம்மையார் கைகுலுக்கினார். உப்பளப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு வரவேற்பறையில் மாட்டப் போவதாகவும், ஒன்றை எனக்கும் அனுப்பி வைப்பதாகவும் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அது கூரியரில் வந்தது. அப்போதுதான் அஞ்சலை முதன்முறையாகப் பார்த்தாள். "இத எப்பங்க எடுத்தீங்க?" என்றாள். "இன்னொரு நாள் போயிருந்தேன்" என்றேன். அவளே ஆணி அடித்துக் காலண்டர் பக்கத்தில் மாட்டினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உப்பளத்துக் கூட்டாளிகளை டீக்குக் கூப்பிட்டாள்.

நான்கு பேர் வந்தார்கள். குப்பு அக்கா படத்தருகே போய் நின்றாள்.

"ஏ, இது நான்டி. அன்னிக்கு நிமிராத, அப்படியே இருன்னு கத்தினியே அஞ்சல, அன்னிக்கு நீ எடுத்ததுதானே?"

"அது இல்லக்கா. நான் எடுத்ததெல்லாம் ஆடிப்போச்சு. இது இவரு வேற நாள் எடுத்தது."

"வேற நாளா? அது என் தம்பி சட்டடி. அன்னிக்கு ஒரு நாள்தான் போட்டேன். சாயங்காலமே வந்து சண்ட போட்டு வாங்கினு போயிட்டான்."

அஞ்சலை படத்தைப் பார்த்தாள். கிட்டே போய், பாத்தியை, வரப்பை, குனிந்த முதுகை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை. நான் சொல்லப் போவது எதுவானாலும் கேட்டுக்கொள்ளத் தயாராக நின்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான்கு பேர் முன்னால், அந்தப் பெண்களுக்கெல்லாம் கேட்கும்படி, இது நீ எடுத்த படம் அஞ்சலை என்று... ஒரே ஒரு வரி!

"வேற சட்டையா இருக்கும்க்கா" என்றேன்.

அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டாள். காலி டம்ளர்களை எடுத்து அடுக்கிக்கொண்டே, "ஆமாக்கா. வேற சட்டையா இருக்கும்" என்றாள்.

அவள் நம்பித்தான் சொன்னாளா, நாலு பேர் முன்னால் என்னைக் காப்பாற்றினாளா என்று என்னைக் கேட்காதீர்கள். எட்டு மாதமாக அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். படம் அங்கேயேதான் இருக்கிறது. அவள் கழற்றவில்லை, நானும் கழற்றவில்லை.

எல்லோரும் போன பிறகு கொல்லைப்பக்கம் உட்கார்ந்து டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்:

"குப்பு அக்காவுக்கு இப்பல்லாம் மறதி வந்துடுச்சி, இல்லங்க?"

"ஆமா" என்றேன்.