அப்பா கையில் காப்புக் கயிறு

ஈர மஞ்சளின் வாசனை மூக்கில் பட்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். எழுபதுகளின் கடைசியில், மலைமேல் புதூர்நாட்டில் எங்கள் அப்பாவின் மணிக்கட்டை விட்டு இறங்காமல் கிடந்த, மஞ்சள் தோய்த்த 'காப்பு'க் கயிறுதான் காரணம்.

அந்த வருஷம் புளி உலுக்க ஏறிய அப்பா பாதி மரத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஜீப்பில் ஏற்றி ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பீடி, சாராயம், கொழுப்புக் கறி மூன்றையும் விடாவிட்டால் அடுத்த வலியில் ஆள் தேறமாட்டார் என்று அம்மாவிடம் டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவோ திரும்பும்போதே பீடியைப் பற்றவைத்து, "அந்தாளுக்கு இன்னா தெரியும்? நம்ம மலையில பத்தடி ஏறச் சொல்லு, அவரு நெஞ்சு தாங்குதான்னு பாக்கலாம்" என்றார். ஜீப்பே சிரித்தது, அம்மா சிரிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் திருவிழாவுக்கு முதல் பொங்கல் வைக்கிறவர், நாள் குறித்ததும் காப்புக் கட்டிக்கொள்வார். கட்டிவிட்டால் பீடி, சாராயம், கறி எதையும் தொடக்கூடாது. திருவிழா முடிந்தால்தான் அவிழ்க்கலாம். சித்திரையில் அப்பாவுக்கு அந்த முறை வந்தது. குறித்த நாளில் திருவிழா நடக்க, அதைச் சேர்ந்து நடத்தும் ஏழு ஊரும் கடைசிவரை ஒத்துக்கொள்ள வேண்டும்; ஓர் ஊர் மறுத்தாலும் நாள் தள்ளிப்போகும். அதில் ஓர் ஊரின் தலைவர், 'ஊர்க்கவுண்டர்', என் தாய்மாமன்.

காப்புக் கட்டிய மறுநாளே அம்மா ஒரு பலாப்பழத்தோடு மாமன் வீட்டுக்கு நடந்தாள். "நாளைத் தள்ளிக்கினே போண்ணா. கயிறு கையில இருக்கற வரைக்கும் அவரு இருப்பாரு" என்று அழுதாள். மாமன் ஆரம்பித்தார். மழை வரும்போல இருக்கிறது என்று முதலில் தள்ளினார். மழை வரவில்லையே என்று மறுபடி தள்ளினார். மழை வந்ததும் சாமை விதைப்பு முடியட்டும் என்றார். ஒவ்வொரு தடவையும் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பலாப்பழம் போயிற்று. பீடி இல்லாத அப்பா வீட்டில் எல்லார்மேலும் எரிந்து விழுந்தார். ஆனால் அவர் கயிற்றை மீறவே இல்லை.

ஆடிக் கடைசியில் பலாவும் தீர்ந்தது, மாமனின் காரணங்களும் தீர்ந்தன. திருவிழா முடிந்து அப்பா கயிற்றை அவிழ்த்தபோது, யாரோ ஒரு பீடியை நீட்டினார்கள். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்பா அதை வாங்காமல் அவளிடம் வந்து மெல்லச் சொன்னார்:

"மொதப் பலாப்பழத்துலயே எனக்குத் தெரியும். டாக்டருக்குப் பயந்து வுட்டேன்னா ஊரு சிரிக்கும். சாமிக்குன்னா ஒருத்தனும் கேக்கமாட்டான். இன்னொரு கயிறு கட்டிவுடு."

அப்புறம் வருஷா வருஷம் அவரே கேட்டு அந்த முறையை வாங்கிக்கொண்டு, பதினெட்டு வருஷம் உயிரோடு இருந்தார்.

இப்போது எனக்கும் நெஞ்சுக்கு மாத்திரை. டாக்டர் குறைக்கச் சொன்ன உப்பை நான் இன்னும் குறைத்தபாடில்லை. திருவிழாத் தேதி ஒரு மாதம் முன்பே கைபேசியில் வந்துவிடுகிறது. யாருடைய சம்மதத்துக்காகவும் அது நிற்பதில்லை. என் ஒருத்தியின் நெஞ்சுக்காக ஏழு ஊரைக் காக்கவைக்க இன்றைக்கு எனக்கு ஆள் இல்லை.