கவரின் பின்பக்கம் படிக்கிறவர்

எங்கள் அச்சகத்தில் அவரை எல்லோரும் லென்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சோப்பு, பற்பசை, சலவைத்தூள், ஷாம்பூ என்று கடையில் தொங்குகிற சாமான்களுக்கெல்லாம் கவர் அச்சடிக்கிற இடம் அது. ஒரு கவர் மெஷினில் ஏறுவதற்கு முன்னால் அதன் மாதிரித் தாள் அவர் மேசைக்கு வரும். கண்ணில் சின்ன லென்ஸை வைத்துக்கொண்டு, மூக்கு தாளில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, எடை, எச்சரிக்கை வரி, தயாரிப்பாளர் முகவரி என்று எழுத்தெழுத்தாகப் படிப்பார். அவர் கையெழுத்து இல்லாமல் மெஷினில் ஒரு மீட்டர் காகிதம்கூட ஓடாது. ஒரு புள்ளி விட்டுப்போனாலும் லட்சக்கணக்கான கவர் குப்பைக்குப் போய்விடும் என்பதால் முதலாளியே அவரிடம் கொஞ்சம் குரலை அடக்கித்தான் பேசுவார்.

வேலையில் சேர்வதற்கு முன்பே அவருக்கு அந்தக் குணம் இருந்ததாக அவர் வீட்டுக்காரர் சொல்வார். அவர் பஸ் ஓட்டுகிறவர். "வெளியே மழை பெய்யுதுன்னு சொன்னாக்கூட ஜன்னல் வழியா கையை நீட்டிப் பாத்துட்டுத்தான் கொடியில இருக்கற துணியை எடுப்பா" என்பார். லென்ஸ் அக்கா மருந்துக் கடையில் மாத்திரையை வாங்கினால் சீட்டைக் கடைக்காரரிடமே நீட்டி, ஒரு தடவை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுவார். கல்யாணப் பத்திரிகை வந்தால், யாருக்குக் கல்யாணம் என்பதற்கு முன்னால், மூலையில் எந்த அச்சகம் என்று பார்ப்பார்.

நாங்கள் அச்சடித்ததில் பெரிய வேலை இரண்டு சலவைத்தூள்கள். ஒன்று நீலக் கவர், இன்னொன்று சிவப்புக் கவர். டிவியில் இரண்டுக்கும் ஜென்மப் பகை. நீலத்தின் விளம்பரத்தில் ஒரு பெண் சிவப்புக் கவரைக் குப்பைக்கூடையில் போடுவாள். சிவப்பின் விளம்பரத்தில் நீலத்தால் துவைத்த சட்டையைப் பார்த்து ஊரே மூக்கைப் பொத்தும். அச்சகத்திலும் அந்தப் பகையை மதித்தோம். இரண்டுக்கும் தனித்தனி அலமாரி, தனித்தனிப் பூட்டு. ஒரு கம்பெனி ஆள் உள்ளே இருந்தால் மற்றவரை வாசல் அறையில் உட்கார வைத்து டீ கொடுத்துக் காத்திருக்கச் சொல்வோம்.

ஒரு நாள் நீலத்தின் புதுக் கவரில் லென்ஸ் அக்கா ஒரு பிழையைக் கண்டுபிடித்தார். 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில்' என்பது 'எட்டாத்த இடத்தில்' என்று இருந்தது. திருத்தி அனுப்பினார். மறுவாரம் சிவப்பின் கவர் வந்தது. அதிலும் 'எட்டாத்த'. தாளைக் கீழே வைத்தார். ஜென்மப் பகையாளிகள் இரண்டு பேருக்கும் ஒரே எழுத்தில் கை வழுக்குமா என்று எங்களிடம் கேட்டார். எங்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அவர் இரண்டு முகவரிகளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கம்பெனிப் பேர் வேறு, கதவு எண் வேறு. தெரு மட்டும் ஒன்று.

அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்கே போய்விட்டார். மனிதர் மற்ற நாளெல்லாம் பஸ் ஓட்டுகிறவர், அன்றைக்கு ஒரு நாளாவது பஸ்ஸில் ஏறாமல் இருக்கலாம் என்று பார்த்தார், நடக்கவில்லை. போய்ப் பார்த்தால் ஒரே கட்டடம், ஒரே வாசல், ஒரே வாட்ச்மேன். சுவரில் மட்டும் ஏழு பலகை. எல்லாம் வேற வேற கம்பெனியா என்று வாட்ச்மேனைக் கேட்டிருக்கிறார். சம்பளம் எல்லோருக்கும் ஒரே ஜன்னலில்தான் என்று அவர் சொன்னாராம்.

வீட்டுக்கு வந்ததும் குளியலறை, சமையலறை இரண்டையும் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தார். பதினோரு சாமான்களில் ஒன்பது அந்த ஏழு பலகைகளுக்குள் அடங்கின. மாடியில் அவருடைய ஓரகத்தி குடியிருந்தார். அந்த அம்மாள் நீலத்தைத் தவிர வேறு தூளைத் தொடமாட்டார். கீழே லென்ஸ் அக்கா சிவப்பு. இதை வைத்தே இரண்டு பேரும் பல வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர்கள். நாம் இத்தனை நாள் சண்டை போட்டதெல்லாம் ஒரே வீட்டுக்குத்தான் லாபம் என்று மாடியேறிப் போய்ச் சொன்னார். ஓரகத்தி துவைத்த துணியை முகர்ந்து பார்த்துவிட்டு, "யாரு வீட்டுதா இருந்தா என்ன, நீலத்தோட வாசனை சிவப்புல வராது" என்று சொல்லிவிட்டுத் துணியை மடிக்கப் போய்விட்டார்.

கடைசியில் முதலாளிதான் விளக்கினார். கடையில் ஒரு அலமாரித் தட்டில் ஏழு தூள்களுக்கு இடம் இருக்கிறது என்றால், அதில் ஐந்து உன்னுடையதாக இருந்துவிட வேண்டும். ஒன்றைப் பிடிக்காமல் கோபித்துக்கொண்டு போகிறவள் உன்னுடைய இன்னொன்றின் மடியிலேயே விழுவாள். புதிதாக வருகிறவன் பொருளை வைக்க இடமே இருக்காது. அதையும் மீறி எவனாவது முளைத்துவிட்டால், அவனோடு மல்லுக்கட்டுவதைவிட அவன் பேரையே வாங்கிவிடுவது சுலபம். "தூள் எவன் வேணும்னாலும் கிண்டலாம் அக்கா. ஜனங்க வாயில நுழைஞ்ச பேரு இருக்கே, அதுக்குத்தான் விலை" என்றார்.

இங்கே லென்ஸ் அக்காவின் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டார்கள். தம்பியை வளர்த்தது அக்காதான். அவன் படித்து முடித்து வேலை கிடைக்காமல் திரிந்தபோது, அக்காவின் சமையலறையில் பாத்திரம் துலக்குகிற சோப்புக் கட்டி செய்து பார்த்தான். அதற்குத் 'துலக்கு' என்று பேர் வைத்தார்கள். பேரை எழுதியது அக்கா. ஓவியரிடம் போகக் கையில் காசில்லாததால் தன் கையெழுத்திலேயே எழுதிக் கொடுத்தார். கொஞ்சம் சாய்ந்த, உருண்ட எழுத்து. பிறகு தம்பி ஊருக்கு வெளியே ஒரு ஷெட் போட்டான். ஆறு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். மூன்று ஊர்க் கடைகளில் துலக்கு கிடைத்தது. கவர் எங்களிடம் அடிக்கவில்லை, எங்கோ ஒரு சின்ன அச்சகத்தில் மலிவுக் காகிதத்தில் அடித்துக்கொண்டிருந்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை நீலத்தின் அலமாரியிலிருந்து வந்த கோப்பைப் பிரித்தார் லென்ஸ் அக்கா. பளபளப்பான கவர் மாதிரி. அதில் துலக்கு. எழுத்து அவருடையது. சாய்வை மட்டும் யாரோ கொஞ்சம் நிமிர்த்தியிருந்தார்கள். பின்பக்கத்தில் தம்பியின் ஷெட் முகவரி இல்லை, அந்த ஏழு பலகைத் தெரு இருந்தது.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து நாங்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தோம். தம்பியின் பேரைத் திருடிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். மேசையில் பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் அச்சகத்தின் கண்டிப்பான விதி. சேரும்போதே எழுதிக் கொடுத்திருக்கிறோம். பார்கோடு சரியாக விழவில்லை என்று ஒரு காரணத்தைச் சொல்லிக் கவரை நிறுத்தி வைத்தார். அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்குப் போனார்.

தம்பி சோப்பு வார்க்கிற அச்சுப் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தான். சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"உன் சோப்பை வாங்கிக்கறோம்னு யாராவது வந்தாங்களா?"

"அப்படியெல்லாம் யாரும் வரலைக்கா" என்றான், பெட்டியைக் கழுவிக்கொண்டே.

மழை பெய்கிறது என்றாலே நம்பாதவர், அதை நம்பினார். விதியை மீறி, பார்த்ததைச் சொன்னார். தம்பிக்கு முகம் வெளிறிப்போயிற்று. நான் பார்த்துக்கொள்கிறேன், நீ யாரிடமும் வாயைத் திறக்காதே என்றான். பயந்துவிட்டான் பாவம் என்று அவர் எண்ணிக்கொண்டார்.

மறுநாள் நேராக முதலாளி அறைக்குப் போய், இது திருட்டுக் கவர், நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போன் செய்தார். மத்தியானம் அங்கிருந்து ஒரு அதிகாரியம்மா வந்தார். இளம்வயது, மரியாதையான பேச்சு. பையிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தார். துலக்கு என்ற பேரும் அதன் எழுத்தும் கம்பெனிக்கு விற்கப்பட்டு நாலு மாதம் ஆகியிருந்தது. தம்பியின் கையெழுத்து இருந்தது. கடைசிப் பக்கத்தில், எழுத்து வடிவத்தை எழுதியவர் என்ற இடத்தில், லென்ஸ் அக்காவின் கையெழுத்தும் இருந்தது.

அவர் பழக்கத்தில் லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தார். அவருடையதுதான். நாலு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம் தம்பி அச்சக வாசலுக்கே வந்திருக்கிறான். ஷெட் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும், சாட்சிக் கையெழுத்து போதும், ஆபீஸ் மூடிவிடுவார்கள் என்று அவசரப்படுத்தியிருக்கிறான். சாப்பாட்டுக் கையைக் கழுவியும் கழுவாமலும், நின்றபடியே, மடித்த தாளை இடது கையால் அழுத்திக்கொண்டு போட்டுக் கொடுத்திருக்கிறார். அவர் வாழ்க்கையில் படிக்காமல் கையெழுத்துப் போட்ட காகிதம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

லென்ஸ் அக்கா கவரை இழுத்து வைத்து முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார். நடுவில் ஒரு முறை நிமிர்ந்து, "கட்டியோட எடை இருபது கிராம் குறைஞ்சிருக்கு. தப்பா விழுந்திருக்கா?" என்று கேட்டார்.

"தப்பு இல்லைங்க" என்றார் அதிகாரியம்மா.

கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு அவர் படுத்திய பாடு கொஞ்சமில்லை. தம்பி சொன்ன பழைய பேச்சையெல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்தார். பத்து வயதில் காய்ச்சல் என்று பள்ளிக்கூடம் போகாமல் படுத்தானே, அதுகூட உண்மைதானா என்று வீட்டுக்காரரைக் கேட்டாராம். தம்பி போன் செய்தால் எடுக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அவனே வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் அங்கேயே நின்றான்.

ஏன் மறைத்தாய் என்று அவர் கேட்டார்.

"நீ படிச்சிருந்தா கையெழுத்துப் போட்டிருக்க மாட்டே."

மற்றதையும் சொன்னான். கம்பெனியின் விற்பனை ஆட்கள் கடை கடையாகப் போய், துலக்கை எடுத்துவிட்டால் நீலத்தூளுக்குத் தள்ளுபடி, வைத்திருந்தால் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். இரண்டு ஊர்க் கடைக்காரர்கள் அவனைக் கண்டாலே உள்ளே போய்விடுகிறார்களாம். இன்னும் ஒரு வருஷம் ஷெட் தாங்கியிருக்காது. அதிலும் எழுத்துக்காக அக்காவின் கையெழுத்து வேண்டும், ஆனால் விற்பனை முடிகிறவரை அச்சகத்தில் வேலை பார்க்கிற அவருக்கு எதுவும் தெரியக் கூடாது என்று பேச வந்தவர்கள் முதலிலேயே நிபந்தனை போட்டிருந்தார்கள். ஷெட்டில் இருந்த ஆறு பெண்களில் நாலு பேரைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. இரண்டு பேருக்கு வயதாகிவிட்டது என்று வேண்டாமென்றுவிட்டது.

லென்ஸ் அக்கா திட்டவில்லை. அந்தப் பத்திரத்தை ஒரு தடவை கொண்டுவா என்றார். மறுநாள் காலை கொண்டுவந்தான். சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். காபி ஆறி ஆடை கட்டியது. ஒன்பதாவது பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"கழுவ, துலக்க, வெளுக்க உதவற கட்டி, தூள், திரவம் எதையும் பத்து வருஷத்துக்கு நீ எந்தப் பேர்லயும் செய்யக் கூடாதுன்னு போட்டிருக்கு. இதை நீ படிச்சியா?"

தம்பி எழுந்து நின்றுவிட்டான். தரை துடைக்கிற திரவம் செய்வதற்கு அவன் ஏற்கெனவே மெஷின் வாங்கி ஷெட்டில் இறக்கியிருந்தான்.

"வக்கீல் படிச்சார்க்கா."

"எந்த வக்கீல்?"

"அவங்கதான் அனுப்பியிருந்தாங்க."

கோபமெல்லாம் அந்த இடத்தில்தான் போயிற்று என்று லென்ஸ் அக்கா எங்களிடம் சொன்னார். ஏமாற்றியவன் என்று நினைத்த ஆள், தன்னைவிடப் பெரிதாக ஏமாந்து நிற்கிறான்.

துலக்கு என்ன ஆயிற்று என்பதை நாங்கள் மெஷினிலேயே பார்த்தோம். முதல் மூன்று மாதம் கவர் மூட்டை மூட்டையாகப் போனது. பிறகு பாதி. பிறகு நீலத்தூள் வாங்கினால் இலவசம் என்று ஒரு கவர் வந்தது. அதற்குப் பிறகு ஆர்டரே வரவில்லை. கடைத்தட்டில் அது இருந்த இடத்தில் கம்பெனியின் மஞ்சள் கட்டி உட்கார்ந்துகொண்டது. இவ்வளவு செலவு செய்து வாங்கியதை ஏன் மூலையில் போட்டார்கள் என்று லென்ஸ் அக்கா கேட்டார். வேறு யாரும் விற்க முடியாது இல்லையா, அதுவே அவர்களுக்கு லாபம்தான் என்றார் முதலாளி.

தம்பி மெஷினை வந்த விலைக்குத் தள்ளிவிட்டான். அக்கா பத்திரத்தை மறுபடி இரண்டு தடவை படித்து, கட்டி, தூள், திரவம் மூன்றிலும் சேராத ஒன்றைக் கண்டுபிடித்தார். பாத்திரம் தேய்க்கிற கம்பி நார். கம்பெனி வேண்டாமென்று சொன்ன இரண்டு பெண்களையும் கூப்பிட்டுக்கொண்டு தம்பி அதை ஆரம்பித்தான். நார் நன்றாகவே வந்தது, கையைக் கிழிக்கவில்லை. பேர் என்ன வைக்கலாம், நீயே எழுதிக் கொடு என்று ஒரு வெள்ளைத் தாளோடு அக்காவிடம் வந்தான்.

"பேரும் வேண்டாம், கவரும் வேண்டாம். பன்னிரண்டு பன்னிரண்டாக் கட்டி அப்படியே கடைல போடு. பேரு வெச்சாத்தானே வாங்க வருவாங்க" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்படித்தான் விற்கிறது. போன வாரம் லென்ஸ் அக்கா ஒரு கடையில் நின்றபோது பக்கத்தில் ஒரு பெண் வந்து, "அந்தக் கட்டு நார் இருக்கா?" என்று கேட்டிருக்கிறாள். கடைக்காரரும் எது என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்திருக்கிறார். பேர் வைக்காமலே பேர் வந்துவிட்டது, இப்போது லென்ஸ் அக்காவுக்கு அதுதான் கவலை. அடுத்த கட்டுகளை வேறு நிறக் கயிற்றில் கட்டச் சொல்லித் தம்பியிடம் சொல்லியிருக்கிறார்.